ஜின் யோங்: வாள்வீரர்களை எழுதிய பத்திரிகைக்காரர்

1954 ஜனவரி 17 அன்று மக்காவில் இரண்டு குங்ஃபூ ஆசான்கள் மேடையேறினார்கள். ஒருவர் தாய்ச்சி ஆசான் வூ கோங்யி, ஐம்பதைக் கடந்தவர். எதிரே நின்றவர் வெண்கொக்குப் பாணியைச் சேர்ந்த சான் ஹாக்ஃபூ, முப்பதுகளில் இருந்தவர். ஹாங்காங்கில் இந்த மாதிரிப் போட்டிக்கு அனுமதி கிடையாது, அதனால்தான் மக்காவ். பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியிருந்த அந்தச் சண்டை இரண்டாவது சுற்றிலேயே, ஜெயித்தது யார் என்ற தீர்ப்புகூட இல்லாமல் நின்றுபோனது.

சண்டை சப்பென்று முடிந்தாலும் பேச்சு அடங்கவில்லை. ஹாங்காங்கில் 'சின் வான் பாவ்' என்ற மாலை நாளிதழின் ஆசிரியராக இருந்த லுவோ ஃபூ இதைக் கவனித்தார். அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து வாள்வீரர் தொடர்கதை ஒன்று எழுதச் சொன்னார். சண்டை நடந்த மூன்றாம் நாளே தொடர் வெளிவந்தது. எழுதியவருக்கு லியாங் யூஷெங் என்று புனைபெயர். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே அலுவலகத்தில் இன்னொருவர் மாட்டினார். அவருடைய இயற்பெயர் ஜா லியாங்யோங். கதையின் தலைப்பு 'நூலும் வாளும்'. அதற்குக் கீழே அவர் போட்டுக்கொண்ட பெயர் ஜின் யோங். (தலைப்புகளைப் பொருள் விளங்கும்படி நானே தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.)

1955 முதல் 1972 வரை அவர் எழுதியவை மொத்தம் 15 கதைகள். அவை 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்வார்கள். கள்ளப் பதிப்புகள் தனி. சீனம் பேசும் வீடுகளில் அவருடைய பாத்திரங்கள் சொந்தக்காரர்களைப் போலப் பேச்சில் வந்துபோவார்கள். இங்கே குங்ஃபூ என்றால் படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் படங்களில் பாதிக்குப் பின்னால் நிற்கும் எழுத்து மரபு நமக்குப் பெரிதாக அறிமுகமில்லை.

அந்த மரபுக்குப் பெயர் வூஷியா. சண்டைக்கலை கைவரப்பெற்று, நியாயம் என்று பட்டதற்காக அரசாங்கத்தையும் மீறத் துணிந்த மனிதர்களின் கதை. வூ என்பது சண்டைத் திறன், ஷியா என்பது அந்த ஆளின் குணம். கனம் இரண்டாவதில்தான். கிறிஸ்துவுக்குச் சுமார் நூறு வருஷம் முன்பே வரலாற்றாசிரியர் சிமா சியான் இப்படிப்பட்டவர்களுக்காகத் தன் நூலில் தனி அத்தியாயம் ஒதுக்கினார். சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டார்கள், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள், உயிரைக் கொடுத்து உதவுவார்கள், உதவியதைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள் என்பது அவர் தரும் சித்திரம். 1920களில் ஷாங்காயில் இது பத்திரிகைத் தொடராகவும் ஊமைப் படமாகவும் பெரிய அலையாக எழுந்தது. மூடநம்பிக்கையைப் பரப்புகிறது என்று அன்றைய அரசு அந்தப் படங்களைத் தடை செய்தது. 1949க்குப் பிறகு மாவோவின் சீனத்திலும் இதற்கு இடமில்லை. மிஞ்சியவை ஹாங்காங்கும் தைவானும்.

கதைகள் நடக்கும் களத்துக்கு ஜியாங்ஹு என்று பெயர். நேர்ப்பொருள் ஆறும் ஏரியும். அரசன், அதிகாரிகள், வரி எல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவற்றோடு ஒட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் இன்னோர் உலகம் அது. மலைக்கு மலை ஒரு குருகுலம். பிச்சைக்காரர்களுக்கென்று நாடு முழுக்கக் கிளை பரப்பிய ஒரு சங்கம். வியாபாரிகளின் சரக்குக்குக் காவல் போகும் கூட்டம், உப்புக் கடத்துபவர்கள், துறவிகள், விஷம் அறிந்த வைத்தியர்கள். சத்திரத்து மூலையில் உட்கார்ந்து சாராயம் குடிப்பவன் யாராகவும் இருக்கலாம். இங்கே குருவின் சொல்லும் கொடுத்த வாக்கும்தான் சட்டம். தகப்பனைக் கொன்றவனைத் தேடிப் பழிதீர்ப்பது கடமை.

சண்டை விஷயத்தில் சிலவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மூச்சுப் பயிற்சியால் உடம்புக்குள் சேர்த்துவைக்கும் உள்ளாற்றல் ஒன்று. கூரைக்குக் கூரை தாவ வைக்கும் இலகுநடை இன்னொன்று. விரலால் ஓர் இடத்தில் தட்டி ஆளை அசையவிடாமல் நிறுத்தும் வித்தையும் உண்டு, நம் வர்மம் மாதிரி. அப்புறம், எல்லாரும் தேடி அலையும் ரகசிய ஏடு.

அந்த ஏட்டு விஷயத்தில் நமக்குச் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. 'விண்வாளும் நாகவெட்டும்' நாவலில் உலகமே தேடும் வித்தை, தனி நூலாக எங்கும் இல்லை. போதிதர்மரோடு வந்த இலங்காவதார சூத்திரத்தின் வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஷாவோலின் மடத்தில் வேத நூலாக அடுக்கி வைத்திருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. திருடியவர்கள் அகப்பட்டுவிடாமல் இருக்க, ஒரு குரங்கின் வயிற்றைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, பள்ளத்தாக்கில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பையன், வயிற்றில் சீழ் வைத்த கிழட்டுக் குரங்குக்கு வைத்தியம் பார்க்கப் போய் அதை வெளியே எடுக்கிறான். சூத்திரம் நிஜமான நூல்தான். புத்தர் இலங்கையில் ராவணனோடு பேசுவதாகத் தொடங்கும் மகாயான நூல் அது. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழி போனவராகச் சீன மரபு சொல்லும் போதிதர்மர், தன் சீடருக்குக் கொடுத்ததும் இதைத்தான் என்பார்கள்.

குரங்கு வயிற்றில் ஏடு வைப்பதைப் பழைய எழுத்தாளர்களும் செய்திருப்பார்கள். ஜின் யோங் புதிதாகச் சேர்த்தது வேறு. கற்பனை மனிதர்களை நிஜமான வரலாற்றுக்குள் இறக்கிவிட்டு, இப்போது நீ யார் பக்கம் என்று கேட்டார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கழுகெய்த வீரர்கள்' 1957 முதல் 1959 வரை தொடராக வந்தது. களம் 13ஆம் நூற்றாண்டு. வடக்கே ஜுர்சென் இனத்தாரின் ஜின் அரசு, தெற்கே தேய்ந்துகொண்டிருக்கும் சோங் அரசு, அப்பால் எழுந்து வரும் செங்கிஸ்கான். நாயகன் குவோ ஜிங் பிறக்கும் முன்பே அப்பா கொல்லப்படுகிறார். அம்மா தப்பிப்போய் மங்கோலியப் புல்வெளியில் பெற்றெடுக்கிறாள். பையன் கொஞ்சம் மந்தம். ஒரு வித்தையைப் பத்து முறை காட்டினாலும் ஏறாது. அவனுக்கு ஜோடியாக வருகிறாள் ஹுவாங் ரோங், அசாத்தியக் கெட்டிக்காரி.

இவர்கள் பிச்சைக்காரர் சங்கத்தின் தலைவர் ஹோங் சீகோங்கைச் சந்திக்கும் பகுதி ஒன்று போதும், ஜின் யோங் எப்படிப்பட்ட எழுத்தாளர் என்று புரிய. கிழவர் மகா வீரர், ஆனால் நாக்குக்கு அடிமை. அவரிடம் குவோ ஜிங்குக்கு வித்தை கற்றுக்கொடுக்க வைக்க வேண்டும். ஹுவாங் ரோங் கெஞ்சவில்லை, சமைக்கிறாள். உப்பிட்டுப் பதப்படுத்திய ஒரு முழுப் பன்றித்தொடையைப் பிளந்து, அதில் 24 உருண்டைக் குழிகள் தோண்டுகிறாள். சோயாப் பால்கட்டியான தோஃபுவை 24 உருண்டைகளாகச் செதுக்கிக் குழிகளுக்குள் வைத்து, தொடையை மூடிக் கட்டி ஆவியில் வேகவிடுகிறாள். இறைச்சியின் சுவை முழுக்கத் தோஃபுவில் இறங்கியதும் இறைச்சியைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள். தட்டில் வருவது வெறும் தோஃபு. அதற்கு அவள் வைக்கும் பெயரோ தாங் காலத்துக் கவிஞர் து மு எழுதிய ஒரு வரி. கிழவர் தொலைந்தார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு வித்தையாகக் கறந்துவிடுகிறாள். சண்டைக் கதை என்று எடுத்தவர் சமையல், கவிதை, கிழவரின் பெருந்தீனி என்று பல பக்கம் போன பிறகுதான் இன்னும் ஒரு அடிகூட விழவில்லை என்பதைக் கவனிப்பார்.

நாவலின் முடிவில் வருவது வேறு ரகம். செங்கிஸ்கான் சாகும் தறுவாயில் குவோ ஜிங்கோடு குதிரையில் போகிறான். தன்னைப் போல் நிலம் வென்றவன் உண்டா என்கிறான் கான். செத்துப் புதைத்தால் எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்கிறான், தன்னை வளர்த்த மன்னனிடமே, அந்த மந்தப் பையன். கான் சாட்டையால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, இவ்வளவுதான் என்கிறான். ஆட்களைக் கொன்றவனா வீரன், காத்தவனா என்ற கேள்வி அங்கே நேராகவே வந்துவிடுகிறது. இந்த நாவலில் ஜின் யோங்குக்கு விடையில் சந்தேகமே இல்லை. சந்தேகம் பின்னால் வருகிறது.

இப்படி எழுதியவருக்குச் சண்டை தெரியாது. 1924இல் ஜெஜியாங் மாகாணத்தின் ஹைனிங்கில், தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற கவிஞர் சூ ஜிமோ அவருக்குத் தாய்வழி உறவு. ஜப்பானியப் படையெடுப்பில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த பள்ளியில் படித்தார். பதினைந்து வயதில் நண்பர்களோடு சேர்ந்து நுழைவுத் தேர்வுக்கு ஒரு கையேடு போட்டு நல்ல காசு பார்த்தார். அடுத்ததாக, கண்டிப்பான பள்ளி அதிகாரி ஒருவரைக் கிண்டல் செய்து சுவரொட்டி இதழில் எழுதி, பள்ளியை விட்டு விரட்டப்பட்டார். இரண்டிலுமே பிற்காலத்து ஆள் தெரிகிறார்: விற்கத் தெரிந்தவர், வாயை அடக்கத் தெரியாதவர்.

வீட்டில் ஹெஷெங் என்று ஒரு கூன்விழுந்த வேலைக்காரர் இருந்தார். சிறுவனாக இருந்த ஜின் யோங்கிடம் அவர் ஒருநாள் தன் கதையைச் சொன்னார். தோஃபுக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. அவள் மேல் கண் வைத்த ஒரு பணக்காரன், இவர் மேல் திருட்டுப் பழி சுமத்தி, அடித்து முதுகை ஒடித்துச் சிறைக்கு அனுப்பினான். வெளியே வந்தபோது அவள் அவனுக்கு மனைவி. ஹெஷெங் அவனைக் கத்தியால் குத்திவிட்டு மறுபடியும் சிறைக்குப் போனார். அந்த ஊரில் அதிகாரியாக இருந்த ஜின் யோங்கின் தாத்தா, விஷயம் தெரிந்து, பதவியை விட்டு ஊர் திரும்பும்போது அவரையும் கூடவே அழைத்து வந்துவிட்டார். ஒரு நாவலின் பின்னுரையில் ஜின் யோங் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அந்த நாவலே ஹெஷெங்கின் நினைவில் முளைத்ததுதான்.

1948இல் 'தா கோங் பாவ்' பத்திரிகை அவரை ஹாங்காங் கிளைக்கு அனுப்பியது. ஆட்சி மாறிய பின், நிலச்சீர்திருத்தக் காலத்தில், ஊரில் இருந்த அப்பாவை எதிர்ப்புரட்சியாளர் என்று சுட்டுக் கொன்றார்கள். அது தவறான தீர்ப்பு என்று அரசே ஒப்புக்கொண்டது 1980களில்தான். ஜின் யோங்கின் நாயகர்கள் அநேகமாக எல்லாருமே தகப்பனில்லாத பிள்ளைகள். இரண்டையும் முடிச்சுப் போட்டு அவர் எதுவும் சொன்னதில்லை, நானும் போடவில்லை. ஆனால் படிக்கிறபோது கண்ணில் படாமல் இருக்காது.

1959 மே 20 அன்று, பள்ளி நண்பர் ஷென் பாவ்சின்னோடு கூட்டாக 'மிங் பாவ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். கையில் காசு குறைவு, ஆள் குறைவு. முதல் இதழிலிருந்தே அவருடைய அடுத்த நாவல் தொடராக வந்தது. ஆரம்ப வருஷங்களில் பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தது அந்தத் தொடர்தான். இங்கிருந்து நிலைமை விசித்திரமாகிறது. ஒரே ஆள் கதைக்கான அன்றன்றைய பகுதியையும் எழுதுகிறார், தலையங்கத்தையும் எழுதுகிறார். 1962இல் சீனத்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டியபோது, மற்றவர்கள் தயங்கிய செய்தியை மிங் பாவ் விரிவாகப் போட்டது. கால்சட்டை இல்லாவிட்டாலும் அணுகுண்டு செய்வோம் என்கிற தொனியில் சீன அமைச்சர் சென் யி பேசியபோது, ஜனங்களுக்கு வேண்டியது கால்சட்டைதான் என்று தலையங்கம் எழுதினார். இடதுசாரிப் பத்திரிகைகள் அவரைப் பிய்த்தெடுத்தன. அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகையும் அதில் சேர்த்தி.

தினசரித் தொடர் என்பதால் வரும் கூத்துகளும் உண்டு. 1965இல் ஐரோப்பா போக வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த நாவலை நண்பரும் எழுத்தாளருமான நீ குவாங்கிடம் ஒப்படைத்தார். யாரையும் கொன்றுவிடாதே என்பதுதான் நிபந்தனை. நீ குவாங் சொல்லைக் காப்பாற்றினார், யாரையும் கொல்லவில்லை. தனக்குப் பிடிக்காத ஆ ஸி என்ற பெண்ணின் கண்களை மட்டும் குருடாக்கிவிட்டார். ஜின் யோங் திரும்பி வந்து, பின்னால் புத்தகமாக்கியபோது நண்பர் எழுதிய பகுதிகளை நீக்கினார், ஆனால் குருட்டுத்தன்மையை வைத்துக்கொண்டார். அவளை விரும்பும் ஒருவன் தன் கண்களையே அவளுக்குக் கொடுக்கும் பயங்கரமான திருப்பம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அந்த நாவலுக்குத் தலைப்பு 'தேவ நாக எட்டுக் கணங்கள்'. பௌத்த நூல்களிலிருந்து வருகிறது. புத்தரின் சொற்பொழிவு கேட்க வரும் எட்டு வகைக் கணங்கள்: தேவர், நாகர், யட்சர், கந்தர்வர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர். சீன வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் பட்டியல், நமக்குப் பாட்டி கதை. இவர்களில் ஒருவர்கூட நாவலில் நேரில் வருவதில்லை. ஆசையும் வெறியும் பிடித்த மனிதர்கள்தான் வருகிறார்கள்.

அவர்களில் முதன்மையானவன் சியாவ் ஃபெங். பிச்சைக்காரர் சங்கத் தலைவன், சோங் நாட்டின் எல்லையைக் காக்கும் மாவீரன். ஒருநாள் அவன் பிறப்பால் சீனன் அல்ல, பகைநாட்டுக் கித்தான் இனத்தவன் என்பது அம்பலமாகிறது. நேற்றுவரை கூட இருந்தவர்களே கொல்லத் துடிக்கிறார்கள். காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு வைத்தியம் வேண்டி, தன்னைக் கொல்லக் கூடியிருக்கும் சபைக்கே அவன் நடந்து போகிறான். சண்டைக்கு முன் சாராயம் கேட்கிறான். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக முன்வந்து அவனோடு ஒரு கிண்ணம் குடிக்கிறார்கள். குடித்ததும் நட்பு முறிந்தது, இனி யார் யாரை வெட்டினாலும் மனக்குறை இல்லை. கடைசியில் அவன் கித்தான் அரசனைப் பிடித்து, வாழ்நாளில் சோங் மீது படையெடுப்பதில்லை என்று சத்தியம் வாங்குகிறான். ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பிக்கின்றன. சொந்த அரசனுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று அங்கேயே அம்பை மார்பில் குத்திக்கொண்டு சாகிறான். குவோ ஜிங்குக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிந்திருந்தது. இவனுக்கு நிற்க ஒரு பக்கமே இல்லை. என் கணக்கில் ஜின் யோங் எழுதியதில் இதுவே உச்சம்.

1967இல் ஹாங்காங்கில் இடதுசாரிக் கலவரம், குண்டுவெடிப்பு. அவர்களை விமர்சித்த வானொலி அறிவிப்பாளர் லாம் புன்னை நடுத்தெருவில் எரித்துக் கொன்றார்கள். ஜின் யோங்குக்கும் மிரட்டல் இருந்தது, சில காலம் சிங்கப்பூர் போய்விட்டார். அதே வருஷம் அங்கே 'ஷின் மின்' நாளிதழைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். சீனத்தில் கலாச்சாரப் புரட்சி உச்சத்தில் இருந்த இந்தக் காலத்தில் வந்ததுதான் 'சிரித்தபடி ஜியாங்ஹுவில்'. தலைவரை வாழ்த்திக் கோஷம் போடும் கூட்டம், யோக்கியன் வேடம் போடும் குரு, உச்ச வித்தை வேண்டுமானால் தன்னைத் தானே அறுத்துக்கொள் என்று முதல் வரியிலேயே சொல்லும் ஏடு. இதை எந்த அரச மரபின் காலத்திலும் அவர் வைக்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு என்பது அவருடைய பின்னுரை விளக்கம். சைகோனில் அப்போது 21 பத்திரிகைகள் இதைத் தொடராகப் போட்டதையும், தென் வியட்நாம் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எதிராளியை இந்த நாவலின் போலி குருவின் பெயரைச் சொல்லித் திட்டியதையும் அங்கே குறிப்பிடுகிறார்.

கடைசி நாவல் 'மானும் கொப்பரையும்' 1972இல் முடிந்தது. நாயகன் வெய் சியாவோபாவோ விபச்சார விடுதியில் பிறந்தவன், அப்பா யாரென்று தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது, சண்டை வராது. பொய், சூதாட்டம், காக்கா பிடிப்பது நன்றாக வரும். காங்சி பேரரசருக்கும் உயிர் நண்பன், அவரைக் கவிழ்க்கத் துடிக்கும் ரகசியச் சங்கத்திலும் தலைவன். ஏழு மனைவிகள் வேறு. வேறு யாரோ எழுதுகிறார்களா என்று வாசகர்கள் ஜின் யோங்கையே கேட்டார்கள். பதினேழு வருஷம் ஷியாவை வளர்த்தவர், கடைசியில் ஷியாவே இல்லாத ஒருவனை நடுவில் நிறுத்தி, ஜெயிப்பது இவன்தான் என்று காட்டிவிட்டு, 48 வயதில் பேனாவை மூடிவிட்டார். அதன் பிறகு ஒரு நாவல்கூட எழுதவில்லை.

திருத்தினார். பத்து வருஷம் உட்கார்ந்து எல்லாவற்றையும் செதுக்கி 36 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். நடுவில், 1976இல், நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் தற்கொலை செய்துகொண்டான். அடுத்த வருஷம் எழுதிய ஒரு பின்னுரையில், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்தை அந்த நாவலில் மேலோட்டமாக எழுதிவிட்டேன், அப்போது எனக்குத் தெரியாது என்கிற பொருளில் இரண்டு வரி வருகிறது. அதற்கு மேல் விவரிக்கவில்லை. பௌத்த நூல்களில் ஆழ்ந்து இறங்கியது இதற்குப் பிறகுதான். எழுபதைத் தாண்டி இன்னொரு முறை எல்லாவற்றையும் திருத்தினார். ஒரு குருவுக்குத் தன் சிஷ்யை மேல் இருந்த மோகத்தை எல்லாம் அப்போது சேர்க்க, பழைய வாசகர்கள் கொதித்தார்கள். கைவைக்காமல் விட்டிருக்கலாம் என்பதுதான் என் கட்சியும்.

சீனத்திலும் தைவானிலும் இந்த நூல்கள் நெடுங்காலம் தடையில் இருந்தன, கள்ளத்தனமாக எல்லாரும் படித்தார்கள். 1981இல் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் அவரை பெய்ஜிங்குக்கு அழைத்துச் சந்தித்தார். 1997இல் பிரிட்டனிடமிருந்து சீனத்துக்குத் திரும்பவிருந்த ஹாங்காங்குக்கான அடிப்படைச் சட்டத்தை வரையும் குழுவில் ஜின் யோங்கும் இருந்தார். நேரடித் தேர்தலை மெதுவாகக் கொண்டுவரலாம் என்ற அவருடைய யோசனைக்கு எதிராக மாணவர்கள் மிங் பாவ் பிரதிகளை எரித்தார்கள். 1989இல் பெய்ஜிங்கில் ராணுவச் சட்டம் வந்ததும் குழுவிலிருந்து விலகினார். பத்திரிகையை 90களில் விற்றுவிட்டு, எண்பது வயதுக்கு மேல் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, தாங் காலத்து அரியணைப் போட்டிகளை ஆராய்ந்து 2010இல் முனைவர் பட்டம் வாங்கினார். 2018 அக்டோபர் 30 அன்று, 94 வயதில், ஹாங்காங்கில் இறந்தார்.

அவருடைய பாத்திரங்கள் தொலைக்காட்சியில் தலைமுறைக்கு ஒருமுறை புதிய முகங்களோடு திரும்பி வருகிறார்கள். அலிபாபா நிறுவனத்தில் ஊழியர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்த நாவல்களிலிருந்து வந்தது. ஜாக் மா தனக்கு எடுத்துக்கொண்டது ஒரு மறைந்து வாழும் வாளாசானின் பெயர். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1999இல் நாவலாசிரியர் வாங் ஷுவோ, படிக்கவே முடியவில்லை என்று போட்டுத் தாக்கினார். ஒரே ஆணைச் சுற்றி நாலைந்து பெண்கள் உருகுவது இன்று படிக்கையில் எரிச்சலூட்டும்தான். தற்செயல்களும் அதிகம்: ஒட்டுக்கேட்க வேண்டியவர் எப்போதும் சரியான சுவருக்குப் பின்னால் இருப்பார்.

சரி, எங்கே தொடங்குவது? ஆங்கிலத்தில் 'கழுகெய்த வீரர்கள்' 2018இலிருந்து நான்கு பாகங்களாக வந்திருக்கிறது. அதன் முதல் பாகத்தை எடுங்கள். முதல் சில அத்தியாயங்களில் பெயர்கள் குழப்பும். ஒரு தாளில் யார் யாருக்குச் சிஷ்யன் என்று குறித்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஹுவாங் ரோங் வந்தவுடன் தாளைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். 'மானும் கொப்பரையும்' ஆங்கிலத்தில் கிடைக்கிறது, சிரிப்பும் அதிகம். ஆனால் அதை முதலில் படிக்காதீர்கள். ஜின் யோங் எதைக் கிண்டல் செய்கிறார் என்பதே பிடிபடாது.